நெல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

அப்பா நெல் கணக்கு எழுதிவந்த நீள நோட்டுகளில் 2003ஆம் ஆண்டு நோட்டு மட்டும்தான் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அந்த ஆண்டு முன்பக்கங்களில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) என்று தலைப்பு எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்து நிறுத்தியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில்தான் எழுத்து நெருக்கமாக இருக்கிறது. என்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு அது. கலந்தாய்வுக்கான டி.டி., கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், கலந்தாய்வு நடந்த கிண்டியில் இரண்டு வேளைச் சாப்பாடு, முதலாண்டுக் கட்டணம், ஒரு தகரப் பெட்டி, இரண்டு பேன்ட் துணி, தையல் கூலி. அம்மாவின் வளையல்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த நகைக்கடன் வரவுப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டல் சரிபார்க்கப்பட்டு, ஓரத்தில் ஒரு சுழியும் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் விடுதியின் மெஸ் கட்டணம் இல்லை.

அந்த ஒரு வரி விடுபட்டதால் எனக்கு ஓராண்டு போயிற்று. அப்போது பொறியியலுக்குக் கட்-ஆஃப் 300க்குக் கணக்கிடப்பட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. எனக்குக் கிடைத்த இடம் ஊரிலிருந்து ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஒரு தனியார் கல்லூரி. அங்கே மெஸ் முன்பணமும் மாதக் கட்டணமும் கேட்கப்பட்டபோது அப்பாவிடம் அடகு வைக்க மீதி எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெற நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்று கல்லூரி சொன்னது. நடையாய் நடந்து, ஒருவழியாகப் பங்குனியில் அவை கைக்கு வந்தன. (மாணவர்களின் அசல் சான்றிதழ்களை இப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. இன்றைக்கும் அதைத் தெரியாத பெற்றோர் நிறையப் பேர்.) அடுத்த ஜூனில் கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். மெஸ் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இப்போது திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மே மாதத்தில், தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாளிலிருந்து, பெற்றோர் என்னைத் தேடி வரத் தொடங்குகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இந்த மார்க்குக்கு என்ன படிக்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் விவசாயியாகவோ விவசாயக் கூலியாகவோ இருப்பார். ஆடுதுறை 43 நெல் போட்டால் 110 நாள், சி.ஆர். 1009 நெல் போட்டால் 155 நாளுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டு, அறுவடை மழையில் மாட்டாமல் இருக்க எந்த நாளில் விதை விட வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருபவர். நாற்றுக்கு வயது கூடினால் தூர் கட்டாது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கதிர் முற்றிய பிறகு வந்து எந்த விதை போடலாம் என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, எங்கள் வீட்டு நோட்டை நான் மறக்கவில்லை.

விண்ணப்பம் தொடங்கும் நாள் உண்மையில் பத்தாம் வகுப்பு முடிந்து 'குரூப்' எடுக்கும் நாள்தான். அன்று யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கணிதம் – உயிரியல் சேர்ந்த முதல் குரூப், கணினி அறிவியல் குரூப், கணிதம் இல்லாத அறிவியல் குரூப், வணிகவியல், தொழிற்கல்வி என்று பலகையில் எழுதி ஒட்டியிருப்போம். தோழி எதை எடுத்தாள், எந்த ஆசிரியர் கண்டிப்பானவர், கணக்கு வருமா வராதா என்பவற்றைக் கொண்டு அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். சிற்றூர்ப் பள்ளிகளில் அந்தத் தேர்வுகூட இருக்காது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் குரூப். உயிரியல் வேண்டுமென்றால் மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ பேருந்து ஏற வேண்டும், பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இப்படித்தான் கணினி அறிவியல் குரூப் எடுத்தாள். நல்ல பெண், கணக்கில் 90க்குக் குறைந்ததில்லை. பிளஸ் டூ நடுவில் அவளுடைய பாட்டி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். துணைக்கு இருந்த இந்தப் பெண் அங்கே செவிலியர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வந்து, "பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன் சார்" என்றாள். அதற்கு உயிரியலோ, தாவரவியலும் விலங்கியலுமோ படித்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன். மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழப்பவர்களுக்குச் சொல்ல ஏதாவது ஆறுதல் கைவசம் இருக்கும். முழு மதிப்பெண் எடுத்தாலும் நுழைய முடியாத கதவு ஒன்று பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டுவிட்டது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்த வயதில் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதிலாகத்தான் இருக்கும். எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புகள் இல்லாமல் போகும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் கடினம் என்று பெயரெடுத்தது உண்மை. ஆனால் இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு அதிகக் கதவுகளைத் திறந்து வைப்பது அதுதான். வணிகவியலைப் 'படிப்பு வராதவர்களின் குரூப்' என்று பேசும் பழக்கம் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

பிளஸ் ஒன் ஆண்டைப் பற்றி ஒரு கவலை உண்டு. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணமே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தி வந்ததுதான். கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று பின்னர் ஆயிற்று. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீங்கியது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறைந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நீட், ஜே.இ.இ. ஆகிய அகில இந்திய நுழைவுத் தேர்வுகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. பொறியியல் முதலாண்டில் வகைநுண்கணிதம் தொடங்கும்போது பிளஸ் ஒன்னில் படித்த எல்லை மதிப்பும் முக்கோணவியலும் தெரிந்தே இருக்கும் என்று பேராசிரியர் நினைத்துக்கொள்கிறார். அந்த ஆண்டை வெறும் நடைபாதையாக நினைக்கும் பழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் என் அச்சம்.

இனி கட்-ஆஃப். பெற்றோர் பெரும்பாலும் 600க்கு எத்தனை என்றுதான் பேசுகிறார்கள். பொறியியல் சேர்க்கை அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் 50, 50க்குச் சுருக்கப்பட்டு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 எடுத்த பிள்ளையின் கட்-ஆஃப் 92, 42.5, 44 சேர்ந்து 178.5. அதே பிள்ளை கணிதத்தில் 4 மதிப்பெண் கூட எடுத்தால் 182.5; இயற்பியலில் 4 கூட எடுத்தால் 180.5. இந்தக் கணக்கை ஜூன் மாதத்தில் தெரிந்துகொண்டு பயனில்லை. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை முடிவு செய்யும் வயதில், அதாவது பிளஸ் டூ தொடங்கும்போதே தெரிய வேண்டும். இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70தான்; செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 30ஐ மாசியிலேயே பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லாத ஆண்டில்லை. ஆய்வகக் குறிப்பேட்டை முடிக்காமல் அதில் இரண்டு மூன்று இழக்காத பிள்ளைகள் இருக்கும் ஆண்டுமில்லை.

அரசு கலைக் கல்லூரிகளின் கணக்கு வேறு. அங்கே நான்கு முதன்மைப் பாடங்களும் சேர்ந்து 400க்கு ஒரு தரவரிசை. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத் தனித்தனித் தரவரிசை. நான் படித்த கும்பகோணம் கல்லூரிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1904இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் உதவித்தொகையை இழந்தார். கல்லூரிப் பட்டமே இல்லாமல்தான் கேம்பிரிட்ஜ் போனார். மாணவர்கள் இதைக் கேட்டதும், "அப்ப ஒரு பாடம் போதும்ல சார்" என்பார்கள். அது ராமானுஜனுக்கு மட்டும் பொருந்தும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் பட்டியலைப் பார்ப்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று எடுத்து மதிப்பெண் போடப்பட்டது. அந்த ஆண்டு மதிப்பெண்ணையும் இந்த ஆண்டு மதிப்பெண்ணையும் அருகருகே வைத்தால் எதுவும் புரியாது. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் 180க்கு ஒரு தரவரிசை எண், கடினமாக வந்த ஆண்டில் அதே 180க்கு வேறொரு எண். எனவே ஒரு கல்லூரியில் ஒரு பிரிவு எந்தத் தரவரிசை எண்ணில், அதுவும் நம் சமூகத்துக்கான ஒதுக்கீட்டில் எந்த எண்ணில் முடிந்தது என்று பார்க்கவேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர், இசுலாமியர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று ஒவ்வொன்றுக்கும் முடியும் எண் வேறு. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது, உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளையை அடிக்கும் தந்தையர் அதை அறிவதில்லை.

சான்றிதழ்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இப்போது இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வருகின்றன. ஜூன் மாதத்தில் அந்தப் படிகளில் கூட்டம் நெரியும். நெரிசலைவிடப் பெரிய சிக்கல் பெயர்தான். ஆதாரில் தந்தை பெயர் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்தே வேறு. முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் அதைப் பெற்றுவிட்டுப் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தால், தங்கைக்கு அது இல்லை என்பதைத் தாசில்தார் அலுவலக வாசலில் தெரிந்துகொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்த பிறகு, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ஓடும் கூரையும் போன வீடுகளில் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கள் ஊறிப் பிசினாகிக் கிடந்தன. அந்த ஆண்டு பிளஸ் டூ படித்தவர்கள் மின்சாரமே இல்லாத வாரங்களில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். அன்றிலிருந்து என் மாணவர்கள் ஒவ்வொருவரும் பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வுக்குள் எல்லாச் சான்றிதழ்களின் நகலையும் இரண்டு இடங்களில் வைத்திருக்கவேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம்.

7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் குரல் தழுதழுக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021இலும் அது வந்தது. அதில் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மெஸ் கணக்கால் திரும்பி வந்தவனுக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள் பல. அவற்றில் ஆறும் ஏழும் படித்துவிட்டு எட்டில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள், அங்கேயும் கட்டணமில்லை, இங்கேயும் கட்டணமில்லை, இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்கள். ஒன்றல்ல. பல்கலைக்கழக விண்ணப்பம் பிளஸ் ஒன்னில் தொடங்குகிறது என்று மேலே எழுதினேன். இந்த ஒரு விஷயத்தில் அது ஐந்தாம் வகுப்பு முடிந்த மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று, எட்டும் தொலைவில் இருப்பவை கண்ணில் படாமை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் ஒன்று, அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுத வேண்டும். திருவாரூர் அருகே நீலக்குடியில் 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அதன் மதில் ஓரமாகவே தினமும் பேருந்தில் பள்ளிக்கு வரும் மாணவர்கள் எனக்கு இருந்தார்கள். உள்ளே படிப்பவர்களில் பலர் இந்தியாவின் எந்தெந்த மூலைகளிலிருந்தோ வந்தவர்கள். இந்தப் பிள்ளைகளுக்கோ 2022இலிருந்து கியூட் என்ற நுழைவுத் தேர்வு எழுதித்தான் அங்கே சேர முடியும் என்பதே மே மாதத்தில்தான் தெரியும். அதற்குள் விண்ணப்பிக்கும் நாள் போயிருக்கும். கியூட்டையும் ஜே.இ.இ.யையும் பொறுத்தவரை விண்ணப்பக் காலம் பொதுத்தேர்வு முடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பொதுத்தேர்வு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது. கியூட்டைத் தமிழிலும் எழுதலாம் என்பதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் நம்புவதில்லை.

விருப்பப் பட்டியல் நிரப்புவது பற்றி. 2018இலிருந்து பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. கிண்டிக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியதில்லை. 2003இல் நானும் அப்பாவும் பெரிய திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் முறை வந்தபோது முடிவெடுக்கச் சில நிமிடங்கள்தான். இன்று மூன்று நாள் அவகாசம் கிடைத்தும் பட்டியலைக் கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் கடைசி நாள் மாலையில் நிரப்புகிறார்கள். சென்டர்க்காரர், "இது கண்டிப்பாக் கிடைக்கும், இதை மொதல்ல போடுவோம்" என்பார். கிடைக்கவும் செய்யும். அதுதான் ஆபத்து. கணினி, தரவரிசைப்படி ஒருவரை எடுத்து, அவர் பட்டியலில் மேலிருந்து கீழாக வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுகிறது. கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை முதலில் போடுவதால் ஒன்றும் குறையப்போவதில்லை. கிடைக்கும் என்று தெரிந்ததை முதலில் போட்டால் அதற்கு மேலான எதுவும் கிடைக்க வழியில்லை. விருப்ப வரிசையில் எழுது, வாய்ப்பு வரிசையில் எழுதாதே என்று வகுப்பில் பத்து முறை சொல்கிறேன். ஒரே பெயர்ச் சாயலில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறேன். கடவுச்சொல்லை சென்டரில் விட்டுவிட்டு வராதே என்கிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கணினி குலுக்கல் முறையில் தரும் சமவாய்ப்பு எண்ணைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஒரு தந்தை மகனின் எண்ணை எடுத்துக்கொண்டு ஜோதிடரிடம் போய்வந்தார். மற்ற எல்லாம் சமமாக நின்றால் கடைசியில்தான் அந்த எண்ணுக்கு வேலை என்று நான் சொன்னது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மேலே சொன்னவை எல்லாம் சரியாக நடந்தும் குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் பணம் கைக்கு வருவது சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் போட்டு, வங்கிக் கணக்கில் தொகை ஏறும் தை, மாசியில். அந்தப் பணம் பழைய கடனுக்கும், வீட்டில் ஒரு காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ பங்குனிக்குள் கரைந்துவிடும். ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் உழவுக் கூலி, விதை, அடியுரம், நடவு என்று கையிலிருப்பதெல்லாம் வயலுக்குள் போகும். கடைமடையில் தண்ணீர் வர ஜூலை ஆகிவிடும், மோட்டார் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள். குறுவைப் பணம் வர ஐப்பசி ஆகும். கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்லும் மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். ஆண்டில் பன்னிரண்டு மாதம் இருக்க, நெல் விளைவிக்கும் குடும்பத்தின் கையில் ஒரு காசும் இல்லாத இரண்டு மாதங்களைப் பார்த்து, உயர்கல்வி கதவைத் தட்டுகிறது. மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த நெருக்கடி புரியாது. இப்போது சம்பளம் வாங்கும் எனக்கே அது சில ஆண்டுகளில் மறந்துபோகப் பார்த்தது.

ஆகவே, மாசியில் நெல் பணம் ஏறியதும், எந்தக் கல்லூரி என்று முடிவாவதற்கு முன்பே, ஒரு தொகையை எடுத்து அஞ்சலகத்தில் போட்டுவிடுங்கள் என்று பிளஸ் ஒன் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்கிறேன். இரண்டு மாசிகள் கிடைக்கும். கல்விக் கடன் வேண்டுமென்றால் ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு ஓடாமல், வித்யாலட்சுமி இணையதளம் எப்படி இயங்குகிறது, 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பதையெல்லாம் முன்பே தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும், முதல் தவணைக்கு ஆகாது.

என் அக்கா மகள் இப்போது பிளஸ் டூ. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கணிதம் – உயிரியல் குரூப். அத்தானுக்கு நான்கு மா (ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்) நிலம், அதுவும் பாதி குத்தகை. பிளஸ் ஒன் தீபாவளிக்கு வந்தவளிடம் அப்பாவின் 2003ஆம் ஆண்டு நோட்டைக் கொடுத்தேன். அதில் எழுதாத பக்கங்கள் இன்னும் நிறைய இருந்தன. குறுவை என்று எழுதிக் கோடு இழுத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவள் எழுதிக்கொண்டு வருகிறாள். முதலில் கால்நடை மருத்துவம், அடுத்து வேளாண்மை, அடுத்து உணவுத் தொழில்நுட்பம், கடைசியாகக் கும்பகோணம் மகளிர் கல்லூரியில் விலங்கியல். ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தத் தேர்வு, எந்த மாதம் விண்ணப்பம், என்ன சான்றிதழ், வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்று நான்கு கட்டங்கள். விலங்கியலைக் கடைசியில் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் அதை அவள் எழுதாமல் விட்டிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைவு. மற்ற மூன்றும் ஆகஸ்ட் வரை இழுத்து, கடைசியில் கைவிட்டாலும், அவள் ஓராண்டை இழந்து வீட்டில் உட்காரவேண்டியிருக்காது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்பார்வை குறைந்துவிட்டதால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து நகர்த்திப் படித்தார். ஒரத்தநாட்டுக் கல்லூரியின் எதிரில் வந்ததும் விரல் நின்றது.

"தங்கிப் படிக்கணுமா?"

"ஆமா தாத்தா, ஹாஸ்டல்தான்."

"மெஸ்ஸுக்கு எவ்வளவுன்னு எழுதலியே."

அவள் நோட்டை வாங்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே இருந்தது. அப்பா தொகையைப் பார்த்தார். அதற்கு எதிரே இருந்த மாதத்தையும் பார்த்தார்.

"ஆகஸ்ட்டுல எங்கேருந்து வரும் பணம்?"

"அதான் ரெண்டு மாசியிலயும் அப்பா போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்காருல்ல," என்றாள் அவள்.